வலென்சியா சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினுக்குப் பயணம் போடுகிறவர்கள் மாட்ரிட்டையும் பார்சிலோனாவையும் முடிவு செய்துவிட்டு, நடுவில் இரண்டு மூன்று நாள் மிச்சம் இருக்கிறதே, வலென்சியா போகலாமா என்று கேட்பது வழக்கம். அவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. என் பதில்களில் ஒரு சாய்வு உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலென்சியா வயலும் தண்ணீரும் அரிசியும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் என்று நினைக்கிறவன் நான். படங்களில் வரும் வெள்ளைக் கட்டடங்கள் எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

பார்சிலோனா பார்த்தவர்களுக்கு வலென்சியாவும் தேவையா?

தேவை. இரண்டும் மத்தியதரைக் கடலோரம்தான், ஆனால் மனநிலை வேறு. வலென்சியா ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரம், சுமார் எட்டு லட்சம் மக்கள். இருந்தும் பழைய நகரை ஒரு மணி நேரத்தில் குறுக்கே நடந்துவிடலாம், நிலம் முழுக்கச் சமதளம், மேடு பள்ளமே கிடையாது. பேருந்தில் பத்து இருபது நிமிடம் போனால் காய்கறி வயல், இன்னும் கொஞ்சம் போனால் நெல் வயல். ஐரோப்பாவில் இத்தனை பெரிய நகரத்தை ஒட்டி இவ்வளவு விளைநிலம் இருப்பது அபூர்வம். கூட்டமும் பார்சிலோனா அளவுக்கு இல்லை, விலையும் கொஞ்சம் குறைவு.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? எந்த மாதம் நல்லது?

மூன்று முழு நாள் இருந்தால் நிம்மதி. ஒன்று பழைய நகருக்கு, ஒன்று ஆற்றுப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும், ஒன்று அல்புஃபேரா ஏரிக்கு. ஒரே நாளில் மாட்ரிட்டிலிருந்து வந்து திரும்புகிறவர்களும் உண்டு, ரயில் வேகத்துக்கு அது முடியும். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கே இரண்டு மணி நேரம் போகும் ஊரில் அப்படி ஓடி என்ன பயன்?

ஏப்ரல், மே, ஜூன், அப்புறம் செப்டம்பர் பிற்பகுதி நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் 30 டிகிரிக்கு மேல் வெயிலோடு கடலோரப் புழுக்கமும் சேரும். சென்னையில் பழகியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் உள்ளூர்க்காரர்களில் பலர் ஆகஸ்டில் ஊரைவிட்டுப் போய்விடுவதால் நல்ல சின்ன உணவகங்கள் சில அந்த மாதம் பூட்டிக் கிடக்கும். குளிர்காலம் மிதமானது, பகலில் ஒரு ஜாக்கெட் போதும்.

மாட்ரிட்டிலிருந்தும் பார்சிலோனாவிலிருந்தும் எப்படி வருவது?

ரயில்தான். மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயில் 2010 டிசம்பரிலிருந்து ஓடுகிறது, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ரென்ஃபே, ஊய்கோ, இரியோ என மூன்று நிறுவனங்கள் போட்டி போடுவதால் முன்கூட்டியே பதிவு செய்தால் மலிவாகக் கிடைக்கும். மாட்ரிட்டில் உங்கள் ரயில் சமார்த்தினிலிருந்து கிளம்புகிறதா, அதோச்சாவிலிருந்தா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் நடுவில் நகரமே இருக்கிறது. நடைமேடைக்குப் போகுமுன் பைகளை ஸ்கேன் செய்வார்கள் என்பதால் அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பார்சிலோனாவிலிருந்து யூரோமெட் ரயிலில் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஆகும், பாதை நெடுகக் கடலும் ஆரஞ்சுத் தோட்டமும் மாறி மாறி வரும்.

அதிவேக ரயில்கள் வந்து நிற்பது ஹோவாக்கின் சொரோயா நிலையத்தில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது பழைய வடக்கு நிலையம், 1917இல் திறந்தது. சுற்று வட்டார ஊர்களுக்கு அங்கிருந்துதான் ரயில். ரயில் ஏறாவிட்டாலும் உள்ளே ஒரு நடை போய் வாருங்கள், முகப்பிலும் உள்ளேயும் ஆரஞ்சுப் பழ வேலைப்பாடும் பீங்கான் ஓவியங்களும் நிறைய.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு?

மெட்ரோ 3ஆம், 5ஆம் தடங்கள் விமான நிலையத்துக்கு உள்ளேயே வருகின்றன. நகர மையத்துக்கு 25 நிமிடம் போல ஆகும். ஷாத்திவா அல்லது கொலோன் நிலையத்தில் இறங்கினால் பழைய நகர் நடக்கும் தூரம். விமான நிலைய நிறுத்தத்துக்குக் கட்டணம் கூடுதல், டாக்சிக்கும் அங்கே ஒரு குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. நாலு பேர், நாலு பெட்டி என்றால் டாக்சியே லாபம்.

நகருக்குள் சுற்ற எது வசதி?

பழைய நகருக்குள் கால்தான். அதைத் தாண்டினால் மெட்ரோ, டிராம், இ.எம்.டி. என்ற நகரப் பேருந்து. மூன்றிலும் செல்லும் பத்துப் பயண அட்டை ஒன்று இருக்கிறது, சுமா என்பார்கள், மெட்ரோ நிலைய இயந்திரத்திலேயே வாங்கலாம். தனித்தனி டிக்கெட் எடுப்பதைவிட அது எவ்வளவோ மலிவு. சுற்றுலா அட்டை என்று 24, 48, 72 மணி நேரத்துக்கு விற்பதும் உண்டு. விமான நிலையப் பயணமும் நகராட்சி அருங்காட்சியகங்களும் அதில் அடக்கம். ஆனால் நடப்பதில் விருப்பமுள்ளவர்களுக்கு அந்தக் காசு திரும்பி வராது என்பது என் கணக்கு.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் யோசிக்காதீர்கள். தனிப் பாதைகள் ஊர் முழுக்க இருக்கின்றன. பொதுச் சைக்கிள் திட்டமான வலென்பிசி குறுகிய சவாரிகளுக்கு என்று அமைத்தது. நாள் முழுக்க வைத்துச் சுற்ற வாடகைக் கடையே மேல்.

வரைபடத்தில் நகருக்கு நடுவே ஆறு வளைந்து போகிறதே, நேரில் பார்த்தால் தண்ணீரே இல்லையே?

வலென்சியாவைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி இல்லை. அது தூரியா ஆற்றின் பழைய படுகை. 1957 அக்டோபர் 14 அன்று ஆறு பெருக்கெடுத்து நகரை மூழ்கடித்தது, குறைந்தது 81 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஆற்றையே நகருக்குத் தெற்கே ஒரு புதிய கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டார்கள். காய்ந்துபோன படுகையில் நெடுஞ்சாலை போடலாம் என்று சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சிக் காலத்தில் திட்டம் இருந்தது. படுகை எங்களுக்குச் சொந்தம், அது பசுமையாக இருக்கட்டும் என்று மக்கள் எதிர்த்து நின்றார்கள், நின்று ஜெயித்தார்கள். இன்று அது சுமார் 9 கிலோமீட்டர் நீளப் பூங்கா. தலைக்கு மேலே நூற்றாண்டுகள் பழைய கல் பாலங்கள், கீழே கால்பந்துத் திடல், ஆரஞ்சு மரம், சைக்கிள் பாதை. குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே படுத்துக் கிடக்கும் ராட்சத கலிவர் சிலையைத் தவறவிட வேண்டாம், அவர் உடம்பெல்லாம் சறுக்குமரம், கட்டணமும் கிடையாது.

சாயங்காலம் மேற்கே கபெசேரா பூங்காவிலிருந்து சைக்கிளில் கிளம்பி கிழக்கே அந்த வெள்ளைக் கட்டடங்கள் வரை போய்ப் பாருங்கள். ஊரில் ஒரே ஒரு காரியம் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்வேன். சரி, இதையும் மதியச் சாப்பாட்டையும்.

2024 வெள்ளத்துக்குப் பிறகு போகலாமா?

போகலாம். 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் வலென்சியா மாகாணத்தில் 200க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பாதிப்பு நகர மையத்தில் இல்லை. நகருக்குத் தெற்கே பைப்போர்த்தா முதலான ஊர்களிலும், லா தோரே போன்ற நகரின் தெற்கு விளிம்புப் பகுதிகளிலும்தான் பெரும் சேதம். மேலே சொன்ன புதிய கால்வாய் தூரியாவின் நீரை வாங்கிக்கொண்டதால் மையம் தப்பியது. கால்வாய்க்குத் தெற்கே போயோ ஓடை உடைத்துக்கொண்டு வந்ததைத் தடுக்க அங்கே எதுவும் இருக்கவில்லை. சில மெட்ரோ தடங்கள் மாதக்கணக்கில் நின்றன. சுற்றுலாவாகச் சேதம் பார்க்கப் போகாதீர்கள். இலையுதிர்காலத்தில் போகிறவர்கள் வானிலைச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் விடுதியைவிட்டு வெளியே இறங்க வேண்டாம், அந்தப் பருவத்தில் இந்தக் கடற்கரையில் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை பழைய கதை.

படங்களில் வரும் அந்த வெள்ளைக் கட்டடங்கள்? உள்ளே போவது அவசியமா?

கலை அறிவியல் நகரம் என்பது அதன் பெயர். பெரும்பாலானவை சாந்தியாகோ கலத்ராவா வரைந்தவை, அவர் இந்த ஊர்க்காரர். மீன் காட்சியகமான ஓசியனோகிராஃபிக் மட்டும் ஃபேலிக்ஸ் கண்டேலாவின் வடிவமைப்பு. 1998இல் கண் வடிவத் திரையரங்கில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். செலவு எகிறிய கதையும், 2013இல் ஓபரா மாளிகையின் ஓட்டுச் சில்லுகள் பெயர்ந்து விழுந்த கதையும் உள்ளூரில் இன்னும் பேச்சில் உண்டு.

வெளியே நடப்பதற்குக் காசில்லை, அதுவே முக்கால் அனுபவம். பொழுது சாயும் நேரத்தில் தண்ணீரில் விழும் நிழலோடு பார்த்தால் யாருக்கும் வாய் அடைத்துப் போகும். உள்ளே போவதென்றால் ஓசியனோகிராஃபிக் மட்டும், அதுவும் குழந்தைகள் இருந்தால். ஐரோப்பாவின் பெரிய மீன் காட்சியகங்களில் ஒன்று, டிக்கெட்டும் அதற்கேற்ற விலை, அரை நாள் ஓடிவிடும். அறிவியல் அருங்காட்சியகத்தை நான் தாராளமாக விட்டுவிடச் சொல்வேன்.

பழைய நகரில் எதை விடக் கூடாது?

மத்தியச் சந்தையும் அதற்கு நேர் எதிரே இருக்கும் பட்டு மண்டபமும். சந்தைக் கட்டடம் 1928இல் திறந்தது, இரும்பும் கண்ணாடியும் ஓடுமாக. திங்கள் முதல் சனி வரை காலையில் தொடங்கி மதியம் மூன்றோடு முடிந்துவிடும், ஞாயிறு விடுமுறை. பதினோரு மணிக்கு முன்பு போனால் மீன் பகுதி உயிரோடு இருக்கும். பட்டு மண்டபம், லோன்ஹா என்பார்கள், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கியது. பட்டு வணிகர்கள் பேரம் பேசிய கூடம், கயிறு முறுக்கியதுபோலத் தூண்கள். 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பேராலயத்தில் இயேசுவின் கடைசி விருந்துக் கிண்ணம் என்று பக்தர்கள் போற்றும் கிண்ணம் இருக்கிறது. பக்கத்து மிகலெத் கோபுரத்துக்கு 207 படி, லிஃப்ட் கிடையாது. செர்ரானோஸ், குவார்த் என்ற இரண்டு கோட்டை வாசல்களில் குவார்த்தின் சுவரில் நெப்போலியன் படைகளின் பீரங்கிக் குண்டுத் தடங்கள் அப்படியே இருக்கின்றன. நேரம் இருந்தால் சான் நிக்கோலாஸ் ஆலயத்தின் கூரை ஓவியங்கள்.

வியாழக்கிழமை பேராலய வாசலில் ஏதோ நீதிமன்றம் கூடுகிறதாமே?

கூடுகிறது, நண்பகல் 12 மணிக்கு. தண்ணீர் நீதிமன்றம். தூரியாவிலிருந்து பிரியும் எட்டு பாசன வாய்க்கால்களின் பிரதிநிதிகள், விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள், கறுப்பு மேலங்கியோடு வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி வழக்கு இருக்கிறதா என்று ஒருவர் கூப்பிடுவார். வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்மொழி, வலென்சிய மொழியில். தீர்ப்பு அங்கேயே. அரபு ஆட்சிக் காலத்திலிருந்து வரும் மரபு என்பது ஊர் நம்பிக்கை. 2009இல் யுனெஸ்கோவும் அங்கீகரித்தது.

பெரும்பாலான வாரங்களில் வழக்கே இருக்காது, ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. தண்ணீருக்குச் சண்டையே வரவில்லை என்றால் அதைவிட நல்ல நீதிமன்றம் எது?

உண்மையான பயேயா எது? கடல் உணவு போட்டதுதானே?

இல்லை. பயேயா என்பது அகலமான தட்டைச் சட்டியில் சமைக்கும் அரிசி உணவு. வலென்சியப் பயேயாவில் மீனோ இறாலோ கிடையாது. கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், கரோஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, உப்பு, தண்ணீர், அரிசி. பருவத்தைப் பொறுத்து நத்தையும் ரோஸ்மேரியும் சேரும். வயலில் கிடைத்ததை வயலிலேயே சமைத்தார்கள், அதுதான் விஷயம். கடல் உணவுப் பயேயாவும் நல்ல உணவுதான், கடற்கரைப் பக்கம் சாப்பிடுங்கள், ஆனால் கோழியும் இறாலும் சேர்ந்த கலவை சுற்றுலாக்காரர்களுக்காக வந்தது. சொரீசோ தொத்திறைச்சி போட்டதை பயேயா என்று பிரிட்டிஷ் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் 2016இல் சொல்லிவிட்டு ஸ்பெயின் முழுக்கத் திட்டு வாங்கினார்.

அரிசி நம் வீட்டுச் சோறுபோலக் குழையாது, நடுவில் லேசான கடிப்பு இருக்கும், வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சட்டியின் அடியில் பிடித்துக் கருகாமல் முறுகியிருக்கும் சோறுதான் சோக்கராத். சுரண்டி எடுத்துத் தின்பது உரிமை, அநாகரிகம் இல்லை.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், வாசலில் பளபளக்கும் பயேயாப் படங்களோடு பலகை இருந்தால் தாண்டிப் போங்கள், அவை பெரும்பாலும் உறைபதன உணவு. ஒரு ஆளுக்கு உடனே தருகிறேன் என்றாலும் சந்தேகம்தான். முறையாகச் செய்யும் இடத்தில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் போடுவார்கள், அரை மணி நேரத்துக்கு மேல் காக்க வைப்பார்கள், சில இடங்களில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ஆரஞ்சு விறகில் சமைக்கும் கடை கிடைத்தால் விடாதீர்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பயேயா கிடைக்குமா?

கிடைக்கும், சுற்றுலாக்காரர்களுக்கு. ஊர்க்காரர்கள் மதியம்தான் சாப்பிடுவார்கள், இரண்டு மணி வாக்கில். வயிறு நிறைந்து கனக்கும் உணவு அது, ராத்திரிக்கு ஆகாது என்பார்கள், சரிதான்.

இங்கே பயணத் திட்டத்தையே சாப்பாட்டு நேரத்தை வைத்துப் போடுங்கள். காலை பத்து மணியைச் சுற்றி எஸ்மொர்சாரெத் என்று ஒரு உபரிச் சாப்பாடு: ஒரு முழ நீளத்துக்கு ரொட்டி, உள்ளே ஆம்லெட்டோ இறைச்சியோ, கூடவே வேர்க்கடலை, ஆலிவ், கடைசியில் ரம் எரித்து ஊற்றிய க்ரெமாயெத் காப்பி. வேலைக்குப் போகிறவர்கள் கூட்டமாக உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டு சாப்பிடும் மதுக்கூடமாகப் பார்த்துப் புகுந்துவிடுங்கள். மதியச் சமையலறை நாலு மணிக்குள் மூடும். இரவு எட்டரை ஒன்பதுக்கு முன்பு உருப்படியாக எதுவும் திறக்காது. வார நாட்களில் மதியம் தரும் நாள் சாப்பாடு, ரொட்டி, பானம், இனிப்போ காப்பியோ சேர்த்து ஒரே விலை, இருப்பதிலேயே மலிவு.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். காய்கறிப் பயேயா பல இடங்களில் உண்டு. குழம்புத் தண்ணீர் கோழியில் எடுத்ததா, காய்கறியில் எடுத்ததா என்று கட்டாயம் கேளுங்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீனும் கீரையில் பன்றித் தொடைத் துண்டும் வந்து நிற்கும், இரண்டையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காத பரிசாரகர்கள் நிறையப் பேர். "சின் கார்னே, சின் பெஸ்காடோ, சின் ஹமோன்" என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், பன்றித் தொடை இல்லாமல். முட்டை சாப்பிடுவீர்களென்றால் உருளைக்கிழங்கு தோர்த்தியா, அதாவது தடித்த ஆம்லெட், எங்கும் கிடைக்கும். தக்காளி தேய்த்த ரொட்டி, பொரித்த பச்சைக் குடைமிளகாய், கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப், சந்தைப் பழங்கள். க்ரொகெத்தா என்ற பொரித்த உருண்டையைத் தொடாதீர்கள், உள்ளே பெரும்பாலும் ஹமோன் இருக்கும்.

ஓர்ச்சாத்தா என்கிறார்களே, பாலா?

பால் ஒரு துளி இல்லை. சூஃபா என்ற சின்னக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து சர்க்கரை சேர்த்துக் குளிரக் குளிரத் தருவார்கள். நம் வயல் வரப்பில் களை என்று பிடுங்கி எறியும் கோரைக்கு நெருங்கிய சொந்தம் அந்தச் செடி. இங்கே அதைப் பாத்தி கட்டி வளர்க்கிறார்கள். நகருக்கு வடக்கே ஒட்டியிருக்கும் அல்போராயாதான் அதற்குத் தலைமை, மெட்ரோ 3ஆம் தடத்தில் போகலாம். ஃபார்த்தோன் என்ற நீள மெதுரொட்டியை அதில் முக்கிச் சாப்பிடுவது முறை. புட்டியில் அடைத்ததை வாங்காதீர்கள், அன்றன்று அரைத்ததன் பக்கத்தில் அது நிற்காது. முதல் வாயில் சிலருக்குப் பிடிப்பதில்லை, மண் வாசம் இருக்கும். இரண்டாவது குவளையில் முடிவு செய்யுங்கள்.

அல்புஃபேரா போக வர எப்படி? என்ன பார்க்க?

நகருக்குத் தெற்கே 10 கிலோமீட்டரில் பெரிய நன்னீர் ஏரி, சுற்றிலும் நெல் வயல், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே பைன் காடு. 1986இலிருந்து இயற்கைப் பூங்கா. இ.எம்.டி. 24ஆம் எண் பேருந்து ஏரிக்கரையில் உள்ள எல் பால்மார் கிராமத்துக்குப் போகும். பேருந்துகள் அடிக்கடி இல்லை, திரும்பும் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் பால்மாரில் சாப்பாடு. பயேயா, அல்லது ஆல் இ பெப்ரே: விலாங்கு மீன், பூண்டு, மிளகாய்த்தூள், உருளைக்கிழங்கு போட்ட குழம்பு, நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். அப்புறம் சூரியன் மறையும் நேரத்துக்குப் படகு. மே மாதம் விதைத்த வயல்கள் கண்ணாடிபோலத் தண்ணீர் நிறைந்திருக்கும், ஜூலையில் கண்ணுக்கெட்டியவரை பச்சை, செப்டம்பரில் அறுவடை, குளிர்காலத்தில் மறுபடி நீர் தேக்கிப் பறவைகளுக்கு விடுவார்கள். எந்த மாதம் போனாலும் வேறொரு ஊர்.

கடற்கரை எப்படி?

அகலமான மணல், நகரிலேயே இருக்கிறது, டிராமில் போய் இறங்கலாம். மால்வரோசா பெயர் பெற்றது, அதற்கு வடக்கே பத்தகோனா கொஞ்சம் அமைதி, ஆள் நடமாட்டமே குறைவாக வேண்டுமென்றால் தெற்கே எல் சலேர். ஓவியர் சொரோயா வரைந்த கடற்கரைக் காட்சிகள் பலவும் இங்கேதான். பின்னால் உள்ள கபன்யால் பழைய மீனவர் குடியிருப்பு, வீட்டு முகப்புகளில் வண்ண ஓடுகள். இதை ஊடறுத்துப் பெரிய சாலை போடும் திட்டத்தைக் குடியிருப்பவர்கள் பல வருடம் எதிர்த்து நிறுத்தினார்கள். கோடையில் போனால் அங்கே க்ளோச்சினா கேளுங்கள், உள்ளூர்ச் சிப்பி, சிறியது, ருசி அதிகம்.

ஃபாயாஸ் திருவிழாவுக்குப் போகலாமா?

சத்தம் பிடித்தால் போங்கள். மார்ச் 1 முதல் 19 வரை தினமும் மதியம் இரண்டு மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் மஸ்க்லெத்தா, அதாவது பட்டப்பகலில் வெடி. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, தரையும் நெஞ்சும் அதிர்வதுதான் விஷயம். 15ஆம் தேதியிலிருந்து தெருவுக்குத் தெரு பிரம்மாண்டமான கேலி உருவங்கள் நிற்கும், 19 இரவு அத்தனையையும் கொளுத்திவிடுவார்கள். விடுதி விலை பல மடங்கு ஏறும், பேருந்துகள் தடம் மாறும், ராத்திரி தூக்கம் கிடையாது. கைக்குழந்தையோடு வேண்டாம்.

பக்கத்தில் ஒரு நாள் பயணம்?

சகுந்தோ. வடக்கு நிலையத்திலிருந்து அரை மணி நேர ரயில், ரோமானிய அரங்கும் மலைமேல் கோட்டையும். கி.மு. 219இல் ஹன்னிபால் முற்றுகையிட்ட ஊர் அது. கோட்டை ஏற்றம் வெயிலில் கஷ்டம், காலையிலேயே போய்விடுங்கள். ஷாத்திவா என்ற ஊரின் கோட்டையும் அழகு, அதே பெயருள்ள மெட்ரோ நிலையத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாங்கி வர என்ன இருக்கிறது?

மத்தியச் சந்தையில் போம்பா அல்லது சேனியா அரிசி, துணிப் பையில் வரும். குங்குமப்பூவை இழையாகப் பார்த்து வாங்குங்கள், மஞ்சள் பொடிப் பொட்டலம் வெறும் நிறம். அப்புறம் பயேயாச் சட்டி. சந்தையைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் ஆள் கணக்கு எழுதியே விற்பார்கள். பெரிய சட்டி சின்னப் பெட்டியில் நுழையாது, முதலில் பெட்டியை அளந்துகொள்ளுங்கள். மெல்லிய பளபள எஃகுச் சட்டிதான் நல்லது, ஆனால் கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் மறுநாளே துரு ஏறும். அந்த வேலை ஆகாது என்றால் எனாமல் பூசியதை எடுங்கள்.